அமெரிக்கப் பல்கலைக்கழக மல்யுத்த அணி: ரோஸ்டர், பணம், படிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மல்யுத்த அணி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மூன்று காகிதங்கள் உண்டு. யார் யார் அணியில் இருக்கிறார்கள் என்கிற ரோஸ்டர், ஆண்டு வரவு செலவு அறிக்கை, ஏபிஆர் எனப்படும் படிப்புக் கணக்கு. மூன்றும் பொதுவில் கிடைப்பவைதான். தனித்தனியாகப் படித்தால் மூன்றுமே நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோய் விடும். சேர்த்துப் படிப்பது எப்படி என்பதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில்.

இது எந்த மல்யுத்தம்? ஒலிம்பிக்கில் பார்ப்பதா, டிவியில் நாற்காலியால் அடித்துக்கொள்வதா?

இரண்டும் இல்லை. அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆடுவது ஃபோக்ஸ்டைல் என்கிற தனி வகை. எதிராளியைக் கீழே தள்ளுவதோடு வேலை முடியாது. எழவிடாமல் அடக்கிவைக்கவும் வேண்டும். எதிராளியைவிட ஒரு நிமிடம் கூடுதலாக மேலே இருந்து அடக்கியிருந்தால் அதற்கே 1 புள்ளி. கீழே கிடப்பவர் தப்பி எழுந்தால் அவருக்கு 1 புள்ளி. கீழே வீழ்த்தும் டேக்டவுனுக்கு நெடுங்காலம் 2 புள்ளிதான். 2023-24 பருவத்திலிருந்து 3. ஆட்டம் மொத்தம் 7 நிமிடம்.

இரண்டு அணிகள் மோதினால் 10 எடைப்பிரிவுகளில் 10 ஆட்டம் நடக்கும். சாதாரண வெற்றிக்கு அணிக்கு 3 புள்ளி. எதிராளியின் தோள்களை மேட் எனும் விரிப்பில் அழுத்தி முடித்தால் 6. பிரிவுகள் பவுண்டில்: 125, 133, 141, 149, 157, 165, 174, 184, 197, 285. அதாவது 57 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான ஆளிலிருந்து 129 கிலோ ஆள் வரை ஒரே அணியில் இருப்பார்கள். ரோஸ்டரைப் புரிந்துகொள்ள இந்த எண் வரிசை போதும்.

களத்தில் இறங்குவது 10 பேர். ரோஸ்டரில் 30 பேர் எதற்கு?

125 பவுண்டு பையன் 285 பவுண்டு ஆளோடு பயிற்சி எடுக்க முடியாது. இது ஒன்றே பாதிப் பதில். ஒவ்வொரு எடைக்கும் அதே உடம்பு, கிட்டத்தட்ட அதே திறமை உள்ள இன்னும் இரண்டு பேராவது தினமும் வேண்டும். பயிற்சிக் கூடத்தை இவர்கள் சும்மா ‘ரூம்’ என்பார்கள். ‘அவங்க ரூம் நல்ல ரூம்’ என்று ஒரு அணியைப் பற்றிச் சொன்னால், முதல் பத்துப் பேரை நினைத்துச் சொல்லவில்லை. அடுத்த இருபது பேரும் கடினமானவர்கள், முதல் பத்துப் பேரை அவர்கள் தினமும் வாட்டி எடுக்கிறார்கள் என்று பொருள்.

மீதிப் பாதி, உடம்பு. முழங்கால், தோள், விலா என்று பருவம் முழுக்க யாராவது ஒருவர் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைவிட அற்பமாகத் தெரியும் இன்னொரு விஷயம் தோல். படர்தாமரை, ஹெர்பிஸ் கொப்புளம், சீழ்ப்புண் எல்லாம் மேட் வழியாகவும் உடம்போடு உடம்பு உரசியும் பரவும். அதனால் மேட்டைத் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைப்பார்கள். போட்டிக்கு முன்னால் எடை போடும்போது தோலையும் பரிசோதிப்பார்கள். தேசிய அளவில் முன்னணியில் இருக்கும் ஒருவர் கழுத்தில் நாலு கொப்புளத்தோடு வந்தால், அன்றைக்கு அவருக்கு ஆட்டம் கிடையாது. அந்த எடையில் வேறு ஆள் இல்லை என்றால் எதிரணிக்கு 6 புள்ளி இனாம்.

அதனால் 149 பவுண்டில் மூன்றாவது ஆளாக இருந்து, நாலு வருஷத்தில் ஒரு முக்கியமான போட்டியில்கூட இறங்காமல் போகும் பையன் வீணாக இருக்கிறான் என்று நினைக்க வேண்டாம். பணத்துக்கும் படிப்புக்கும் வரும்போது அவனைத் திரும்பப் பார்ப்போம்.

பெயருக்குப் பக்கத்தில் ‘ரெட்ஷர்ட்’ என்று போட்டிருக்கிறதே?

ஒரு வருஷம் போட்டிக்கு இறங்காமல் பயிற்சி மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வருஷத்தை மிச்சப்படுத்தி வைத்திருக்கிறார் என்று பொருள். பொதுவான விதி: 5 ஆண்டுக் கெடுவுக்குள் 4 பருவம் ஆடலாம். பதினெட்டு வயதுப் பையன் இருபத்திரண்டு வயது ஆளிடம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது பயிற்சியாளருக்குத் தெரியும். அதனால் முதல் வருஷம் உட்காரவைப்பது மல்யுத்தத்தில் சகஜம். இப்போது அந்த முதல் வருஷத்திலேயே சில நாட்கள் இறங்கிப் பார்க்கவும் விதி இடம் கொடுக்கிறது.

கோவிட் காலத்தில் எல்லோருக்கும் ஒரு பருவம் கூடுதலாகக் கொடுத்தார்கள். பென் ஸ்டேட்டின் கார்ட்டர் ஸ்டாரோச்சி 2025-ல் ஐந்தாவது தேசியப் பட்டம் வென்றது அதனால்தான். சாதாரணக் காலத்தில் நாலுக்கு மேல் வெல்லவே வழியில்லை.

ஒரே ஆளின் எடை ஒரு பட்டியலில் 157, இன்னொன்றில் 165. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். சில ரோஸ்டரிலேயே 157/165 என்று போட்டிருப்பார்கள். எந்தப் பிரிவில் இறங்குவது என்பது பருவம் முழுக்க நடக்கும் பேரம்.

ஆனால் அந்தப் பேரத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. 1997 நவம்பர், டிசம்பரில் சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி வீரர்கள் எடையைக் குறைக்கும் முயற்சியில் இறந்துபோனார்கள். கேம்பெல், விஸ்கான்சின்-லா கிராஸ், மிச்சிகன் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கல்லூரிகள். தண்ணீர் குடிக்காமல், ரப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு, சூடான அறையில் உடற்பயிற்சி செய்து வியர்வையாகவே பல கிலோ இறக்குவது அதுவரை ஊரறிந்த பழக்கம். அதற்குப் பிறகுதான் ரப்பர் உடுப்பையும் சூட்டு அறையையும் தடை செய்தார்கள். எடை போடும் நேரத்தை ஆட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள், வற்றிய உடம்பு தேற அவகாசம் இருக்கக் கூடாது என்பதற்காக. பருவத் தொடக்கத்தில் சிறுநீர் அடர்த்தி பார்த்து, உடம்பில் நீர் இருக்கிறது என்று உறுதியான பின்தான் எடையும் கொழுப்பும் அளப்பார்கள். 5 சதவீதக் கொழுப்புக்குக் கீழே போகாத எடை எதுவோ அதுதான் அந்த ஆளின் அடிமட்டம். அதற்குக் கீழே அந்தப் பருவத்தில் இறங்க முடியாது. இறங்கும் வேகத்துக்கும் வரம்பு உண்டு: வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதம்.

ஆகவே ரோஸ்டரில் 157 என்று இருந்தால் அந்த ஆளின் சாதாரண எடை 157 என்று நினைத்துவிடாதீர்கள். கோடையில் பார்த்தால் 170 இருப்பார்.

30 என்கிற எண் எங்கிருந்து வந்தது?

கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசிய அமைப்பு என்சிஏஏ. அதன் மூன்று டிவிஷன்களில் மேலே இருக்கும் முதல் டிவிஷனில் 2025 வரை ரோஸ்டருக்கு இப்படி ஒரு வரம்பு இல்லை. ஸ்காலர்ஷிப்புக்குத்தான் வரம்பு: ஒரு மல்யுத்த அணிக்கு 9.9. முப்பத்தைந்து, நாற்பது பேர் வைத்திருந்த அணிகள் உண்டு.

கல்லூரி வீரர்களுக்குப் பணம் தராததை எதிர்த்துப் போட்ட ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்தார். அதில் மூன்று விஷயம் நமக்கு முக்கியம். பழைய வீரர்களுக்கு 10 ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. பல்கலைக்கழகங்கள் இனி வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26-க்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அப்புறம், ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கான வரம்பு போய், அதற்குப் பதிலாக ரோஸ்டர் வரம்பு. மல்யுத்தத்துக்கு 30.

கேட்க நல்ல செய்தி மாதிரிதான் இருந்தது. 9.9 எங்கே, 30 எங்கே! ஆனால் 30 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்பது அனுமதிதான், கட்டாயம் இல்லை. பணம் இருக்கும் இடம்தான் கொடுக்கும். இன்னொரு பக்கம், முப்பத்தொன்றாவது ஆள் வெளியே போக வேண்டும். ஏற்கெனவே இருந்தவர்களை வரம்பில் சேர்க்காமல் விட்டுவைக்கலாம் என்று நீதிபதி பிடிவாதம் பிடித்து வாங்கிக் கொடுத்த விலக்கு கடைசிக் கட்டத்தில்தான் வந்தது. அதற்குள் பல பையன்களிடம் ‘உனக்கு இடம் இல்லை’ என்று சொல்லி முடித்திருந்தார்கள். சமரசத்தில் சேராத பல்கலைக்கழகங்களுக்கு இந்த 30 பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

9.9 ஸ்காலர்ஷிப் என்றால்? அந்தப் புள்ளி ஒன்பது யார்?

ஆள் கணக்கு இல்லை, பங்குக் கணக்கு. முழுச் செலவில் எத்தனை பங்கு ஒருவருக்குக் கொடுக்கிறீர்கள் என்று கூட்டிக்கொண்டே போவார்கள், 2025 வரை மொத்தம் 9.9-ஐத் தாண்டக் கூடாது என்றிருந்தது. 30 பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 0.33. யாரும் சமமாகப் பிரிக்க மாட்டார்கள். ஒரு நட்சத்திரத்துக்கு 0.8, இன்னொருவருக்கு 0.5, சிலருக்குப் புத்தகக் காசு, மீதிப் பேருக்குப் பூஜ்யம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வைத்துக்கொள்வோம், ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்த மாநில மாணவருக்கு ஆண்டுச் செலவு 28,000 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 50,000. (கணக்குக்காக நான் போட்ட எண்கள்.) இருவருக்கும் 0.5 கொடுத்தால், உள்ளூர்ப் பையன் வீட்டில் கட்ட வேண்டியது 14,000. வெளியூர்ப் பையன் வீட்டில் 25,000. பயிற்சியாளருக்கு இரண்டும் ஒரே 0.5தான், குடும்பத்துக்கு ஒன்றல்ல. பென்சில்வேனியா, ஒஹையோ, ஐயோவா மாதிரிப் பள்ளி மல்யுத்தம் செழித்த மாநிலங்களில் இருக்கும் அணிகளுக்கு இது எத்தனை பெரிய சாதகம் என்று பாருங்கள். வாசலிலேயே ஆள் கிடைக்கும், செலவும் குறைவு.

இன்னொன்று: பிற்காலத்தில் விதி மாறி, படிப்புத் திறமைக்காகக் கிடைக்கும் உதவித்தொகை 9.9 கணக்கில் சேராது என்றானது. அன்றிலிருந்து நன்றாகப் படிக்கிற மல்யுத்த வீரன் பயிற்சியாளருக்கு மலிவான வீரன். 0.2 மல்யுத்தத்திலிருந்து கொடுத்தால் போதும், மீதி படிப்புக் கணக்கில் வந்துவிடும். மதிப்பெண் பட்டியலைப் பயிற்சியாளர்கள் அக்கறையாகக் கேட்பதற்குப் பண்பு மட்டும் காரணம் இல்லை.

மல்யுத்தத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலான இடங்களில் பெரிதாக வருவதில்லை, அதுதான் நேர்மையான பதில். டிக்கெட், தொலைக்காட்சிப் பங்கு, நன்கொடை என்று தலைப்புகள் இருக்கும். அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும் கொண்டுவரும் பணத்தில்தான் மற்ற ஆட்டங்கள் ஓடும். அவை போதாத இடத்தில் பல்கலைக்கழகமும் மாணவர் கட்டணமும் ஈடுகட்டும்.

விதிவிலக்குகள் உண்டு. ஐயோவா பல்கலைக்கழகத்தின் கார்வர்-ஹாக்கை அரங்கில் மல்யுத்தத்துக்குப் பதினாலாயிரம் பேர் வந்து உட்காருவார்கள். 2015 நவம்பரில் அதே ஐயோவா தன் ஃபுட்பால் மைதானத்தில் மேட் விரித்து ஓக்லஹோமா ஸ்டேட்டோடு மோதியபோது 42,287 பேர் வந்தார்கள். குளிர் தொடங்கிய மாதத்தில், திறந்த வெளியில். இப்படிப்பட்ட ஊர்களை வைத்து மற்ற அணிகளை எடைபோட்டால் கணக்கு தப்பிவிடும்.

அரசு இணையதளத்தில் வரவும் செலவும் டாலர் பிசகாமல் ஒரே தொகையாக இருக்கிறது. மோசடியா?

இல்லை. இந்தச் சந்தேகம் வராதவர் கிடையாது. ஆண் பெண் விளையாட்டுச் செலவை வெளிப்படுத்தச் சொல்லும் 1994-ம் வருஷத்துச் சட்டப்படி, கல்லூரிகள் ஆண்டுதோறும் கூட்டாட்சிக் கல்வித் துறைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் ‘வருவாய்’ என்ற கட்டத்தில் பல்கலைக்கழகம் தன் பொது நிதியிலிருந்து கொடுத்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் என்ன, மல்யுத்தத்துக்கு 11 லட்சம் செலவு, டிக்கெட்டில் 40 ஆயிரம் வந்தது என்றால், மீதியைப் பல்கலைக்கழகம் போட்டதாக எழுதி இரு பக்கமும் 11 லட்சம் என்று முடித்துவிடுவார்கள்.

அந்த அறிக்கையில் செலவுப் பக்கத்தை நம்பலாம், வரவுப் பக்கத்தை அப்படியே நம்பக் கூடாது. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் என்சிஏஏவுக்கு அனுப்பும் விரிவான நிதி அறிக்கையைத் தகவல் உரிமை மாதிரியான மாநிலச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். அதில் சம்பளம், பயணம், ஸ்காலர்ஷிப், மருத்துவம் எல்லாம் ஆட்டவாரியாகப் பிரித்திருக்கும். பல்கலைக்கழகம் நேரடியாகப் போட்ட பணமும் தனி வரியில் இருக்கும். தனியார் பல்கலைக்கழகம் அதைக் காட்ட வேண்டியதில்லை.

நட்டம்தான் என்றால், சின்னச் சின்னக் கல்லூரிகள் ஏன் புதிதாக மல்யுத்தம் தொடங்குகின்றன?

இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். பெரிய பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு வீரரும் செலவு. சின்னக் கல்லூரியில் ஒவ்வொரு வீரரும் வரவு.

மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. மாணவர் சேர்க்கை குறைந்து தவிக்கும் ஒரு சின்னத் தனியார் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி எல்லாம் போக ஒரு மாணவர் ஆண்டுக்குச் சராசரியாக 18,000 டாலர் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மல்யுத்தம் இல்லாவிட்டால் அங்கே வந்திருக்கவே மாட்டார்கள் என்கிற 30 பேர் வந்தால் 5,40,000 டாலர். பயிற்சியாளர், உதவியாளர், பேருந்து, மேட், உடுப்பு எல்லாம் சேர்த்து 2,50,000 ஆனாலும் கையில் மிச்சம். இங்கே 149 பவுண்டின் மூன்றாவது ஆளுக்கும் முதல் ஆளுக்கும் கணக்கில் வித்தியாசம் இல்லை, இருவரும் கட்டணம் கட்டுகிறார்கள். அதனால் இப்படிப்பட்ட கல்லூரியின் ரோஸ்டரில் நாற்பது, ஐம்பது பேர் இருந்தால் அது வலுவான அணி என்று நினைக்காதீர்கள். அது சேர்க்கை அலுவலகத்தின் வேலை.

இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. சேர்ந்த பையன்களில் பாதிப் பேர் முதல் வருஷத்திலேயே கிளம்பினால் கணக்குக் கவிழ்ந்துவிடும். ரோஸ்டரில் முதலாண்டு மாணவர் இருபது பேரும் நான்காமாண்டு மாணவர் இரண்டு பேரும் இருந்தால், அந்தக் கல்லூரியைப் பற்றி வேறு எந்த அறிக்கையும் தேவையில்லை.

அப்படியானால் எந்த அணிகள் மூடப்படுகின்றன?

நடுவில் மாட்டிக்கொண்டவை. முதல் டிவிஷனில் 1980களின் தொடக்கத்தில் நூற்று நாற்பதுக்கு மேல் இருந்த மல்யுத்த அணிகள் இப்போது எண்பதுக்குள் வந்துவிட்டன. பாஸ்டன் யுனிவர்சிட்டி 2014-ல், பாய்ஸி ஸ்டேட் 2017-ல், ஓல்டு டொமினியன் 2020-ல் மூடின. ஃபிரெஸ்னோ ஸ்டேட் ஒருமுறை மூடி, திரும்பத் திறந்து, 2021-ல் மறுபடி மூடியது. கிளீவ்லேண்ட் ஸ்டேட் 2025 ஜனவரியில் மூடுவதாக அறிவித்தது.

சண்டை போட்டுத் தப்பியது ஸ்டான்ஃபோர்டு. 2020 ஜூலையில் 11 ஆட்டங்களை நிறுத்துவதாகச் சொன்னார்கள், மல்யுத்தமும் அதில் ஒன்று. அடுத்த மார்ச்சில் அந்த அணியின் ஷேன் கிரிஃபித் பல்கலைக்கழகப் பெயர் இல்லாத வெறும் கறுப்பு உடுப்போடு இறங்கி 165 பவுண்டில் தேசியப் பட்டம் வென்றார். அந்தக் கறுப்பு உடுப்பைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முன்னாள் வீரர்கள் 1.2 கோடி டாலருக்கு மேல் உறுதிமொழி திரட்டியிருந்தார்கள். மே மாதம் பல்கலைக்கழகம் முடிவை மாற்றிக்கொண்டது.

எல்லோருக்கும் ஸ்டான்ஃபோர்டு மாதிரிப் பழைய மாணவர்கள் கிடைக்க மாட்டார்கள். ஆனால் திசை அதுதான்: ஆண்டுச் செலவை நம்பி ஓடும் அணியைவிட, பெயரில் ஒரு நிலைநிதி வைத்திருக்கும் அணிக்கு ஆயுள் கெட்டி. லிட்டில் ராக் பல்கலைக்கழகம் மல்யுத்தம் தொடங்கியதும், மார்கன் ஸ்டேட் 27 லட்சம் டாலர் நன்கொடையில் மறுபடி மேட் விரித்ததும் இப்படித்தான்.

பெண்களுக்குச் சம இடம் கேட்ட டைட்டில் நைன் சட்டம்தான் ஆண்கள் மல்யுத்தத்தைக் கொன்றது என்கிறார்களே?

1972-ம் வருஷத்துச் சட்டம் எந்த ஆட்டத்தையும் மூடச் சொல்லவில்லை. மாணவர்களில் ஆண் பெண் விகிதம் எப்படியோ, விளையாட்டிலும் கிட்டத்தட்ட அப்படி இருக்கிறதா என்பது அதைப் பின்பற்றியதைக் காட்டும் மூன்று வழிகளில் ஒன்று. விகிதத்தைச் சரிசெய்யப் பெண்கள் அணி தொடங்கலாம், அல்லது ஆண்கள் அணியை வெட்டலாம். பின்னது மலிவு. மல்யுத்தப் பயிற்சியாளர் சங்கம் 2002-ல் கல்வித் துறை மீது வழக்கே போட்டது, தோற்றது.

என் கருத்தைச் சொல்கிறேன். ஆண்கள் பக்கத்தில் ஃபுட்பால் அணி ஒன்றுக்கே 105 இடம். அந்த 105-ல் கை வைக்க யாருக்கும் தைரியம் இல்லாததால் 30 பேர் இருக்கும் மல்யுத்தம் மாட்டிக்கொள்கிறது. பழி சட்டத்தின் மேல் போகிறது.

வீரர்களுக்கு இப்போது சம்பளம் உண்டா?

சிலருக்கு, சில வழிகளில். 2021 ஜூலை 1 முதல் தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரம் முதலியவற்றில் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து பல்கலைக்கழகமே கொடுக்கலாம், ஆனால் அந்த 2.05 கோடியில் சிங்கப்பங்கு ஃபுட்பாலுக்குப் போய்விடும். மல்யுத்தத்துக்கு வருவது ஓரத்துத் துண்டு.

மல்யுத்தத்துக்கே உரிய மூன்றாவது வழி வட்டாரப் பயிற்சி மையம். நிட்டனி லயன் ரெஸ்லிங் கிளப், ஹாக்கை ரெஸ்லிங் கிளப் என்கிற மாதிரிப் பெயர்களில், பல்கலைக்கழகத்தின் பக்கத்திலேயே, ஆனால் சட்டப்படி தனியாக இருக்கும் இலாப நோக்கமற்ற அமைப்புகள் இவை. கல்லூரி முடித்து ஒலிம்பிக்குக்குத் தயாராகும் வீரர்களை நன்கொடைப் பணத்தில் வைத்திருப்பார்கள். கல்லூரிப் பையனுக்கு உலகத் தரத்தில் ஒரு பயிற்சித் துணை கிடைக்கும். இந்தச் செலவு பல்கலைக்கழக அறிக்கையில் ஒரு வரியாகக்கூட வராது. இரண்டு அணிகளின் செலவு சமமாக இருக்கிறதே, ஒன்று மட்டும் ஏன் இப்படி ஜெயிக்கிறது என்று குழம்பினால் முதலில் இங்கே பாருங்கள்.

ஏபிஆர் 938 என்றால் நல்லதா கெட்டதா?

தப்பித்த எண். 930-க்குக் கீழே போனால் தேசியப் போட்டிக்குப் போக முடியாமல் போகலாம். இது வெறும் மிரட்டல் இல்லை; கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கூடைப்பந்து அணியை 2013-ல் இதே காரணத்துக்காக வெளியே நிறுத்தினார்கள். (அடுத்த ஆண்டே அவர்கள் தேசியப் பட்டம் வென்றார்கள், அது வேறு கதை.)

கணக்கு எளிது. விளையாட்டு ஸ்காலர்ஷிப் வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு செமஸ்டரிலும் 2 புள்ளி வாய்ப்பு. ஆடத் தகுதியான அளவு பாஸ் செய்தால் 1, கல்லூரியில் தொடர்ந்தால் அல்லது பட்டம் வாங்கினால் 1. கிடைத்ததை மொத்தத்தால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கு. நாலு வருஷத்தைச் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இப்போது ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்காலர்ஷிப் வாங்குவோர் 12 பேர். வருஷத்துக்கு ஆளுக்கு 4, மொத்தம் 48. இரண்டு பேர் தேர்வில் கோட்டைவிட்டு, வீட்டுக்கும் கிளம்பிவிட்டார்கள்: ஆளுக்கு 2 போய்விட்டது. 44/48, அதாவது 917. ஆபத்து. அதே இரண்டு பேர், அதே 4 புள்ளி, ஆனால் ஸ்காலர்ஷிப் 25 பேருக்குப் பிரித்துக் கொடுத்த அணி: 96/100, அதாவது 960. நிம்மதி.

இரண்டு அணியிலும் படிப்பைக் கைவிட்டவர்கள் இருவர்தான். மாறியது பணத்தைப் பிரித்த விதம். இரண்டாவது அணியில் புத்தகக் காசு மட்டும் வாங்கிக்கொண்டு ஒழுங்காகப் படித்த அந்த 149 பவுண்டின் மூன்றாவது ஆள்தான் அணியைக் காப்பாற்றியிருக்கிறான். ஏபிஆரைப் பார்த்தால் உடனே எத்தனை பேரை வைத்து வந்த எண் என்று கேளுங்கள்.

கூடவே ஒரு கேள்வி: பயிற்சியாளர் மாறினாரா? மாறிய வருஷத்தில் பாதி ரூம் காலியாகும், எண்ணும் சரியும். நல்ல மதிப்பெண்ணோடு வேறு கல்லூரிக்கு மாறுபவர்களுக்குப் புள்ளி கழிக்காமல் விட வழி இருக்கிறது. மதிப்பெண் இல்லாமல் மாறுபவர்கள்தான் குழி பறிப்பார்கள்.

பட்டம் பெறும் விகிதம் என்று இரண்டு எண் காட்டுகிறார்களே?

ஒன்று கூட்டாட்சி அரசின் கணக்கு. முதலாண்டில் சேர்ந்தவர் ஆறு வருஷத்துக்குள் அதே கல்லூரியில் பட்டம் வாங்க வேண்டும். வேறிடம் போய் மருத்துவரே ஆனாலும் இங்கே தோல்வி. இன்னொன்று ஜிஎஸ்ஆர், என்சிஏஏவின் கணக்கு. நல்ல நிலையில் வெளியேறியவரைக் கழித்துவிடும், உள்ளே வந்தவரைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் இரண்டாவது எண் பெரும்பாலும் பெரிது, விளம்பரத்தில் போடுவதும் அதுதான். இரண்டுக்கும் இடைவெளி மிக அதிகம் என்றால் வந்து போவோர் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு நடுவே படிக்க நேரம் ஏது?

பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4, வாரம் ஒரு நாள் விடுமுறை என்று விதி. பேருந்தில் கழியும் நேரம், காயத்துக்கு ஐஸ் வைக்கும் நேரம், பசியோடு தூங்க முயலும் நேரம் எல்லாம் இதில் வராது.

படிப்பை இழுத்தடிக்கவும் முடியாது. இரண்டாம் ஆண்டு முடிவில் பட்டப்படிப்பின் 40 சதவீதம், மூன்றாமாண்டில் 60, நான்காமாண்டில் 80 முடித்திருக்க வேண்டும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இரண்டாமாண்டில் பொறியியலிலிருந்து வேறு துறைக்கு மாறினால், எடுத்த பாடங்களில் பாதி புதுத் துறைக்குச் செல்லாது, 40-ஐ எட்ட முடியாது. அதனாலேயே ஒரே அணியில் ஏழெட்டுப் பேர் ஒரே துறையில் குவிந்திருப்பதைப் பார்க்கலாம். ரோஸ்டரில் பாடத்துறையும் போட்டிருந்தால் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள்.

ஐவி லீக் அணிகளை எப்படி ஒப்பிடுவது?

ஒப்பிடாதீர்கள். ஐவி லீக் என்பது பழம்பெரும் தனியார் பல்கலைக்கழகங்களின் குழு. அதில் கார்னெல், பிரின்ஸ்டன், பென் (பென் ஸ்டேட் அல்ல), ஹார்வர்டு, கொலம்பியா, பிரவுன் ஆறிலும் மல்யுத்தம் உண்டு, விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவி மட்டும்தான். ஹவுஸ் சமரசத்திலும் சேரவில்லை. இருந்தும் கார்னெலின் யியானி டியாகோமிஹாலிஸ் நாலு முறை தேசியப் பட்டம் வென்றார்.

என் பையனுக்கு இரண்டு கல்லூரியிலிருந்து அழைப்பு. எதைக் கேட்க வேண்டும்?

அவன் எடையில் ரோஸ்டரில் எத்தனை பேர், அவர்கள் எந்த ஆண்டு என்று முதலில் பாருங்கள். மூன்று பேரும் இரண்டாமாண்டு என்றால் உங்கள் பையன் நீண்ட காலம் ரூமிலேயே இருப்பான். மூன்று வருஷத்துக்கு முந்தைய ரோஸ்டரை எடுத்து, அன்றைய முதலாண்டுப் பெயர்களில் எத்தனை இப்போதும் இருக்கின்றன என்று பென்சிலால் குறியுங்கள். பயிற்சியாளர் பேச்சைவிட இது நம்பகமானது. அப்புறம், ஸ்காலர்ஷிப் ஒரு வருஷத்துக்கா, நாலு வருஷத்துக்கா, காயம் பட்டால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். 30 பேர் வரம்பில் அவனுக்கு இடம் உறுதியா என்பதையும் கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தயங்குகிறவர் பதில் சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

மகளுக்கு?

2025 ஜனவரியில் பெண்கள் மல்யுத்தத்தை என்சிஏஏ தன் 91-வது சாம்பியன்ஷிப் ஆட்டமாக ஏற்றுக்கொண்டது. முதல் தேசியப் போட்டி 2026-க்கு என்று முடிவானது. பெண்கள் ஆடுவது ஃபோக்ஸ்டைல் இல்லை, ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைல். பெரிய லீக்குகளில் ஆடும் பல்கலைக்கழகங்களில் முதலில் அணி அமைத்தது ஐயோவா, பயிற்சியாளர் கிளாரிசா சுன். ஆண்கள் அணி இருக்கும் கல்லூரியில் ரூமும் மேட்டும் ஏற்கெனவே இருக்கின்றன, விகிதக் கணக்கிலும் உதவுகிறது. அதனால் இடங்கள் வேகமாகத் திறக்கின்றன, ஆட்கள்தான் இன்னும் குறைவு. மேலே சொன்ன அதே பென்சில் வேலையை இங்கேயும் செய்யலாம். ஒரே சிக்கல், குறித்துப் பார்க்க மூன்று வருஷத்துக்கு முந்தைய ரோஸ்டர் பல இடங்களில் இருக்காது.